கரி அரைக்கிற மாப்பிள்ளை

மண்ணெண்ணெய்க்குப் பெரும் தட்டுப்பாடாக இருந்த வருஷம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"மாப்ள கரி அரைக்கிறாராம்க்கா. அதான், வேணாம்னு அவங்க வூட்ல சொல்லிட்டு வரலாம்னு உன்னத் துணைக்கு இட்டுக்கினு போறேன்."

"கரிக்கடையா வச்சிக்கீறாரு?"

"இல்லக்கா, சர்க்கார் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை. நெலக்கரிலேர்ந்து எண்ணெய் எடுக்கறாங்களாம். அதுக்கு இவரு கரிய கல்லு பொறுக்கி, காய வச்சி, மாவா அரைச்சி, சலிச்சி, எண்ணெய ஊத்தி கூழு மாதிரி கரைச்சிக் குடுக்கணுமாம்."

"எண்ணெய் எடுக்கறதுக்கே எண்ணெய் ஊத்தணுமா? இன்னாடி இது!"

"பொண்ணு பார்க்க வந்தப்போ எம்பொண்ணும் இதையேதான் கேட்டா, எல்லார் எதிர்லயும். எனக்கு மானமே போச்சு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. தூளு கொழாயில ஓடாது, கூழுன்னா ஓடும்னாரு. ஊத்துன எண்ணெயவிட ஜாஸ்தியா வருமான்னு இவ கேட்டா. அதத்தான் பார்த்துக்கினு கீறோம், இன்னும் எனக்குத் தெரியலன்னுட்டாரு. தெரியலன்னு சொல்ற ஆளுக்கா பொண்ணக் குடுக்கறது?"

மற்றவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"உன் வூட்டுக்காரரு என்னிக்காவது தெரியலன்னு சொல்லிக்கீறாரா?"

"செத்தாலும் சொல்லமாட்டாரு."

"பொண்ணு இன்னா சொல்றா?"

"அவரு போனதுலேர்ந்து, இன்னும் ரெண்டு கேள்வி கீதும்மா, அவரையே கேக்கணும்னு சொல்லிக்கினே கீறா."

சொல்லிவிட்டு அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாகறலில் பஸ் நின்றதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"காஞ்சிபுரம் வரைக்கும் டிக்கெட் கீதேம்மா?" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ப்பா."

இருவரும் இறங்கி ரோட்டைத் தாண்டி, உத்திரமேரூர் போகும் பஸ்ஸுக்காக நின்றார்கள்.