இரவல் போன பிள்ளை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னாள்: "எம்புள்ளைய ஒருநாளைக்கு எரவல் வாங்கிட்டுப் போனாங்க அக்கா."

"ஆரு?"

"டவுன் பெரிய ஐஸ்கூல் தமிழ் வாத்தியாருதான். அதிகாரி தலை எண்ண வர்றாராமா. புள்ளைக கொறைஞ்சா தமிழ் வகுப்பையே எடுத்துருவாங்களாமா. ஏழாவதோட நின்னு ஊட்டுல இருந்தவளை, கையெடுத்துக் கும்புட்டுக் கூட்டிட்டுப் போனாரு."

"அப்பறம்?"

"அங்க சயின்ஸ் ரூம்புல காந்தத்தைக் கையில குடுத்தாங்களாமா. அங்கயே படிக்கறேன்னு ஒரே அழுகை. சேக்கப் போனா, எண்ணி முடிச்சாச்சு, இனி எடமில்லைங்கறாரு, அதே வாத்தியாரு! எண்ணறப்ப இருந்த எடம் இப்ப எங்கக்கா போச்சு? காட்டிட்டு எடுத்து வைக்க எம்புள்ள என்ன கொலு பொம்மையா? இன்னைக்கு அதிகாரிகிட்டயே சொல்லப் போறேன்."

"சொன்னா அந்த வகுப்பே போயிருமே புள்ள!"

"போகட்டும். எம்புள்ளைக்கு இல்லாத வகுப்பு ஆருக்கு வேணும்?"

மூத்தவள் மெதுவாக, "எம்பையன் அதுலதான் படிக்கறான்" என்றாள்.

"அப்பச் செரி, அதிகாரிகிட்டச் சொல்லலை. நீங்க வந்து அந்த வாத்தியாருகிட்டக் கேளுங்க, எம்புள்ளைக்கு ஏன் எடமில்லைன்னு."

பள்ளிக்கூட ஸ்டாப்பில் மூத்தவள்தான் முதலில் இறங்கினாள்.