குடைக்காரி என்பது நான்தான்

நான் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே யாரையாவது வரவேற்றுவிடுகிறவன். விசாரணைக் குழுவினர் இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கெட்ட எண்ணம் உள்ளவன் பல்லைத் துலக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான்.

நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் புதிதாக வருகிறவர் தலைகால் புரியாமல் விழிப்பார். அவரைக் கைப்பிடித்து விதிகளைச் சொல்லிக்கொடுக்கத்தான் வரவேற்பு மேசை. அதில் ஒருவருக்குத்தான் இடம். பல வருடங்களாக அந்த ஒருவர் நான். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். அங்கே நான் எழுந்து வந்தாலே எல்லோருக்கும் தேநீர் குடிக்கிற ஞாபகம் வந்துவிடும். வரவேற்பு மேசையில் மட்டும்தான் நானும் ஓர் ஆள். அதை இழந்தால் எனக்கு வேறொன்றும் இல்லை என்று நினைத்தேன்.

என் முறை எளிது. புதியவர் முதல் வரியை எழுதியதும் அதை அழித்துவிட்டு, ஏன் அழித்தேன் என்று அன்போடு ஒரு கடிதம் போடுவேன். எல்லா விதிகளும் அதில் இருக்கும். விதிவிலக்குகளும் இருக்கும், விதிவிலக்குகளைப் பயன்படுத்தாமல் இருப்பது எப்படி என்பதும் இருக்கும். ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டு எதிரே உள்ள ஏரியைப் பற்றி எழுதினார். தினமும் பார்க்கிறேன் என்றார். கண்ணால் பார்த்ததெல்லாம் சான்று ஆகாது, யாராவது அச்சில் எழுதியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். ஏரி இருக்கிறதா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும், திரும்பி வரவில்லை. கிளாரினெட் வாசிப்பவர் ஒருவர் கட்டுரையில் இருந்த தன் பிறந்த தேதியைத் திருத்தினார். தன்னைப் பற்றித் தானே சொல்வதை நாம் ஏற்பதில்லை என்றேன்.

"அப்ப என் பொறந்தநாள் எனக்குத் தெரியாதுங்கறீங்களா?" என்று கேட்டார்.

தெரிந்திருக்கலாம், ஆனால் அது சான்று இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் போய்விட்டார். போனவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். விதியைத் தெரிந்துகொண்டு போனார்களே, அந்த மட்டும் திருப்தி.

தலைமை நிர்வாகிக்குத்தான் திருப்தி இல்லை. வருகிற ஒருவரும் தங்குவதில்லை, இப்படியே போனால் மேசைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று எழுதிவிட்டார். நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்த அந்தச் சமயத்தில்தான் குடைக்காரி வந்தார்.

குடையைப் பற்றி எழுத வந்ததால் அந்தப் பெயர். கட்டுரையை அழித்தேன், கடிதம் போட்டேன். மறுநாள் ஒவ்வொரு வரிக்கும் அச்சான சான்றோடு அதே கட்டுரை வந்து நின்றது. கூடவே எனக்கு ஒரு குறிப்பு: "விளக்கத்துக்கு ரொம்ப நன்றிங்க. வேற விதி ஏதாவது இருக்கா?"

இப்படி என்னை யாரும் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மிச்சமிருந்த விதிகளையும் அனுப்பினேன்.

எள் என்றால் எண்ணெயாக நின்றார். பொத்தான், ஏணி, கதவுக் கைப்பிடி என்று கட்டுரைகள் வளர்ந்தன. குருவான எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, நான் அலுவலகத்தில் இருக்கும் நேரங்களில் புதியவர்களுக்கு அவரே பதில் சொல்ல ஆரம்பித்தார். "வாங்க வாங்க. தப்பா எழுதினாலும் பரவாயில்ல, கூட இருந்து சரி பண்ணிடலாம். உங்க ஏரியைப் பத்திப் பழைய பேப்பர்ல ஏதாவது வந்திருக்கான்னு தேடுவோமா?" இவ்வளவுதான். ஒரு விதிகூட இல்லை. ஏரி ஆசிரியர் திரும்பி வந்துவிட்டார். கிளாரினெட்காரர் வந்ததோடு நில்லாமல் மச்சானையும் கூட்டிவந்தார். வரவேற்பு மேசையில் கல்யாண வீடுபோல் கூட்டம். அடுத்த மாதம் முதல் மேசை குடைக்காரிக்கு என்று தலைமை நிர்வாகி அறிவித்தார்.

நான் கோபப்படவில்லை. நிதானமாக விதிகளைப் புரட்டினேன். ஒருவர் ஒரு கணக்குத்தான் வைத்திருக்கலாம். இரண்டாவதாக இன்னொரு பெயரில் உலாவினால் அது கைப்பாவைக் கணக்கு, அதை நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள். ஆனால் உரியவர் தானாகவே முன்வந்து ஒப்புக்கொண்டால், அவருடைய முதல் கணக்குக்கு மன்னிப்பு உண்டு. மிகவும் மனிதத்தன்மையுள்ள விதி.

நான் முன்வந்து ஒப்புக்கொண்டேன். குடைக்காரி என்பது நான்தான் என்று எழுதிக்கொடுத்தேன்.

குடைக்காரி மறுத்தார். "ஐயா, நான் வேற ஆளுங்க. கண்ணாடிக் கடையில ஃபிரேம் மாட்டித் தர்ற வேலை. அவர் என் வீட்டுக்காரர்தான், பக்கத்து ரூம்லதான் உக்காந்திருக்கார். வேணும்னா கூப்பிடட்டுமா?"

தன்னைப் பற்றித் தானே சொன்னது, எனவே தள்ளுபடி. தொழில்நுட்பச் சோதனையில் இரண்டு கணக்கும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து வருவது தெரிந்தது. பூட்டிவிட்டார்கள்.

குடைக்காரி யார் என்று ஆரம்பத்திலிருந்தே தெரியுமா என்று குழு கேட்கிறது. தெரியும். குடைக் கட்டுரையை நான் அழித்த நிமிடத்தில் சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. இருந்தாலும் வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டால் எல்லோரும் எனக்கு 'அவர்'தான். வீட்டு உறவை வேலையில் கலக்கிறவன் நான் இல்லை.

பூட்டிய அன்று மாலை அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது.

"ஏங்க, நான் நான்தானே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்கல்ல?"

"நான் சொன்னா செல்லாதும்மா. நெருங்கின சொந்தக்காரங்க சொல்றதை ஏத்துக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"நீங்க எப்பப் பாத்தாலும் அதுலயே இருக்கீங்களேன்னுதான் நானும் வந்தேன். அங்கயாவது பேசிக்கலாமேன்னு."

அரட்டைக்கு இடமில்லை என்பதும் ஒரு விதிதான். அந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் விட்டேன், எனக்கும் மனசு இருக்கிறது. அவள் மடிக்கணினியை மூடிவிட்டு, "சரிங்க" என்றாள். கைப்பாவை எழுதியதெல்லாம் உரியவருக்கே சேரும் என்பதால், அவளுடைய கட்டுரைகள் என் பெயருக்கு மாறின. சிறந்த வரவேற்பாளர் பதக்கமும் வந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஆணவம் ஆகிவிடும் என்று வாங்கிக்கொண்டேன்.

இந்த வாரம் பெயரில்லாத ஒருவர், பிறர் எனக்குச் செய்தி விடுகிற என் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். பெயரில்லாமல் எழுதினால் இணைய முகவரி வெளியே தெரியும். அது எங்கள் வீட்டு முகவரி இல்லை, அவளுடைய அக்கா வீட்டு முகவரி. அப்போதுதான் அவள் வீட்டில் இல்லை என்பதே எனக்கு உறைத்தது. கழுவாத டம்ளர்கள் சேர்ந்தபோதே யோசித்திருக்கலாம்.

நான் வீட்டில் இருக்கும்போதே வேறொரு வீட்டிலிருந்து எழுதுகிறாள் என்றால், அவள் வேறு ஆள் என்பதற்குச் சரியான சான்று கிடைத்துவிட்டது. சான்று கிடைத்தபின் மறைப்பது முறையல்ல. எனவே ஒப்புக்கொள்கிறேன்: குடைக்காரி நான் இல்லை. மேசைக்காக நான் பொய் சொன்னேன்.

அவள் எழுதிய வரி இது: "இவர் இனிமே என் புருஷன் இல்லை."

நான் அதை அழிக்கவில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும். வரியின் பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒரு குறி மட்டும் போட்டேன். நேற்று ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் என் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அச்சான சான்றோடுதான் வரப்போகிறாள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த எதையும் அவள் மறக்கவில்லை.