மேட்டு வீட்டு மோட்டாரு

…பின்ன என்ன! ஆறு நம்ம ஊரு ஆறு, நம்ம தெருக் குழாயி உஸ்ஸு உஸ்ஸுன்னு காத்தடிக்கு! கம்பெனிக்காரன் லாரி லாரியா அள்ளுதான்… இப்படித்தான் அஸீலா, போன வாரம் மாநகராட்சி ஆபீசு வாசல்ல நின்னு கத்துனேன். நீ புதுசா வந்த புள்ள, இந்த ஷரீபா பீவி தொண்டைய கேட்டதில்லையே!

ஆபீசரு, "வந்து பாக்கேம்மா"ன்னாரு. வந்தாரு. தெருவே கூடிட்டு. நான் முன்னால நின்னு, "ஐயா, எவனோ குழாயில மோட்டார மாட்டி உறிஞ்சுதான், ஏழ பாழ வயித்துல அடிக்கான், அவன விடாதீங்க!"ன்னேன். ஆபீசரு, "பைய பேசுங்கம்மா, என்னமோ சத்தம் கேக்கு"ன்னாரு.

டுர்ர்ர்ர்…

எங்க வீட்டுக்குள்ளேருந்து! எங்க வீட்டு ஆளு தொட்டி நெறைக்காவளாம், நேரம் பாத்து!

மறந்துட்டியான்னு கேக்காத. மறக்கல்ல. நம்ம மோட்டாரு எனக்குத் திருட்டாவே தோணல புள்ள! இட்லி மாவு அரைச்சு விக்கதுக்குத்தானே… ஒரு கிரைண்டரு மூணாச்சு. ஜுபைதா பீவி வீட்டுலயும் ஹமீது பீவி வீட்டுலயும் அதுலதான் அடுப்பெரியுது. "நாலு பேருக்குச் சோறு போடுத மோட்டாரு எப்படித் தப்பாவும்?"ன்னு கேட்டேன். "கடேசி வீட்டுப் பொண்ணு என்னத்தக் குடிப்பா?"ன்னாரு ஆபீசரு. நீதான் அந்தக் கடேசி வீடு. அதுக்கும் மல்லுக்கு நின்னேன்… நம்புவியா?

மோட்டாரக் கழத்திட்டு, "வார தண்ணிக்கு அரைங்கம்மா"ன்னுட்டுப் போயிட்டாவ. இப்ப மேட்டுல எங்க குழாயி சளி ஒழுகுத மாதிரி சொட்டுது, பள்ளத்துல உனக்குக் கொட்டுது. அல்லாஹ் நீதிமான்… எனக்குத்தான் கொஞ்சம் வலிக்கு.

அரிசிய ஊறப் போட்டுட்டேன், கழுவத் தண்ணியில்ல. அதான் வந்தேன். நெறச்ச குடத்த இடுப்புல வச்சிக்கிட்டு ஏன் நிக்க? தா.

ஒண்ணு செய்வமா? ஒரு கிரைண்டர இங்கன வச்சிருவோம். நீயும் அரை, சம்பளம் தாரேன்… வேண்டாமா? பங்கா! யா அல்லாஹ், வாயில்லாப் பூச்சின்னுல்லா நெனச்சேன்… சரி, பங்கு.

இன்னும் ஏன் தலைய ஆட்டுத? இங்கனயும் மோட்டாரு மாட்டக் கூடாதா? குழாயில வார தண்ணிக்கு எவ்வளவு மாவோ, அவ்வளவுதானா?

ஏ புள்ள, இதத்தானே ஆபீசரும் சொன்னாரு! அவருகிட்ட தெருவே திரும்பிப் பாக்க சண்ட போட்டேனே… உன்கிட்ட எப்படிப் போடுவேன்? குடம் உன் இடுப்புலல்லா இருக்கு.