தாழ்ப்பாள் உள்பக்கம்

நான் பொதுவாக யாருடைய வீட்டு விஷயத்திலும் தலையிடுவதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் சண்டை போட்டால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. நல்லதுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஆலோசகர் அம்மா, நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். உண்மை தெரிந்தால் என் அக்காவும் அத்தானும் மறுபடி ஒன்றாக வாழ வழியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். அக்காவுக்காகத்தான் சொல்கிறேன்.

என் சித்தப்பா இரும்பு ஷெட் போடும் கான்ட்ராக்டர். கிடங்கோ, பட்டறையோ, வண்டி நிறுத்தும் இடமோ, தூண் நட்டுத் தகடு வேய்ந்து ஒரு சொட்டு ஒழுகாமல் கொடுப்பார். வேலை சுத்தம். வியாபாரம்தான் வராது. தேடி வந்தவரிடமே, "உங்களுக்கு எதுக்குங்க ஷெட்டு? இருக்கிற கூரையே நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வெல்டர்கள் சும்மா உட்கார்ந்து ஒருவர் மீசையை இன்னொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டறையை மூடிவிடலாமா என்று சித்தப்பா யோசிக்க ஆரம்பித்தார்.

நான் மாலை வகுப்பில் இணைய விளம்பரம் படிக்கிறேன். பகலில் சித்தப்பாவிடம் வேலை. ஷெட் தேவைப்படும் ஆளின் பெயரையும் நம்பரையும் இணையம் வழியாகப் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதை நாங்கள் லீட் என்போம். 'உறுதியான இரும்பு ஷெட்' என்று ஒரு பக்கம் போட்டேன். ஒரே ஒரு லீட் வந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். "வணக்கம்ங்க, ஷெட் விஷயமா கேட்டிருந்தீங்களாமே?" மறுமுனையில் சித்தி. "நான்தான் வேலை செய்யுதான்னு அமுக்கிப் பார்த்தேன். வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க."

தவறு எங்கே என்று முறையாகத் தேடினேன். எங்கள் பகுதி மக்கள் இணையத்தில் என்ன தேடுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். ஷெட் என்று யாரும் தேடவில்லை. ஆண்கள் நிறையப் பேர் 'வீட்டில் நிம்மதியாக உட்கார இடம்' என்று தேடியிருந்தார்கள். தலைப்பை மாற்றினேன்: 'உங்களுக்கென்று ஓர் இடம். தாழ்ப்பாள் உள்பக்கம்.' ஷெட் அதே ஷெட்தான்.

லீட் கொட்டியது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏன்டா, தகடு என்ன கனம்னு ஒருத்தனும் கேக்கமாட்டேங்கறான். எல்லாரும் தாழ்ப்பாளைத்தான்டா விசாரிக்கிறாங்க."

"பாதுகாப்பு உணர்வு சித்தப்பா" என்றேன்.

சில வாரங்களில் வரத்து குறைந்தது. கவனித்துப் பார்த்ததில், வீட்டில் சண்டை வந்தால்தான் லீட் வருகிறது என்று தெரிந்தது. சண்டை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது ஒழுங்கான வேலையாக எனக்குப் படவில்லை. அதனால் மனைவிமாருக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்தேன். 'நீங்கள் சொல்வதை உங்கள் கணவர் கேட்கிறாரா? ஐந்தே கேள்விகள்.' எந்தப் பதிலைச் சொன்னாலும் 'கேட்பதுபோல் நடிக்கிறார்' என்றே முடிவு வரும். வேறு முடிவுகளும் எழுதத்தான் இருந்தேன். நேரம் அமையவில்லை. மனைவி முடிவைப் படித்த கொஞ்ச நேரத்தில், அதே வீட்டில் இருக்கும் கணவரின் போனில் எங்கள் ஷெட் விளம்பரம் தோன்றும். இது சரியா என்று வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அதன்பின் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் ஒரு ஷெட் முளைத்தது. காலையில் ஆண்கள் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து, மதிலுக்கு மேல் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். பார்க்க அமைதியாகத்தான் இருந்தது.

அக்கா வீட்டை விளம்பரத்திலிருந்து விலக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விலக்கலாம். அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டியவர்களை விட்டுவிட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

அன்று நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா போனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, நான் சொல்றதை நீங்க கேக்கறீங்களா?"

"ம்."

"இப்ப என்ன சொன்னேன்?"

"நீ சொல்றதை நான் கேக்கறேனான்னு கேட்ட."

"ஒரு வார்த்தை மாறாம ஒப்பிக்கிறாரு பாருடா. இதுதான் நடிப்பு. இதுல கரெக்டா போட்டிருக்கான்."

"எவன் போட்டிருக்கான்?" என்றார் அத்தான்.

"எவனோ விவரமான ஆளு. உங்களை மாதிரியா?"

அந்த இடத்தில் எனக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது. பேச்சு முற்றியது. அத்தான் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். நான் கை கழுவுவதற்குள் அவருடைய லீட் வந்து விழுந்தது. 'எப்போது வேண்டும்?' என்ற இடத்தில் 'இன்றே' என்று போட்டிருந்தார்.

சமையலறைக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஷெட் எழும்பியது. அக்கா முதல் வாரம் கோபமாக இருந்தாள். அடுத்த வாரம் கொல்லைக் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சொல்லுடா. நான் ஒண்ணும் பேசமாட்டேன். வந்து சாப்பிட்டாப் போதும்னு சொல்லு" என்று அழுதாள்.

போய்க் கதவைத் தட்டினேன். அத்தான் தாழ்ப்பாளை விலக்கிப் பார்த்தார். இளைத்திருந்தார். தகட்டுச் சூட்டில் முகம் கறுத்திருந்தது.

"அவ அனுப்பினாளா, நீயா வந்தியா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். "நானாத்தான் வந்தேன்" என்றேன்.

ஷெட்டைப் பாராட்டி எங்கள் பக்கத்துக்கு நாலு வரி எழுதித் தருவதாக அத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று வரை எழுதவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்ட ஆள் ஷெட்டைப் புகழ்ந்தால் யார் நம்புவார்கள்? அவர் கதவைச் சாத்தினார். சாயங்காலமே எழுதிக் கொடுத்தார். 'ஒழுகவில்லை. அமைதியாக இருக்கிறது. மிகவும் அமைதியாக இருக்கிறது.' அதை முதல் பக்கத்தில் போட்டேன். அக்காவிடம், "அவர் வரமாட்டாராம்" என்றேன்.

இவ்வளவுதான். அக்கா கூப்பிட்டதை அத்தானிடமும், அத்தான் கேட்டதை அக்காவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். என் வாயால் சொன்னால் அடிப்பார்கள். அந்தக் கேள்விப் பக்கத்தை இன்று காலை மூடிவிட்டேன். ஷெட் பக்கத்தையும் மூடிவிட்டேன். நான் திருந்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூடும் முன் வந்துவிட்ட லீட்களை மட்டும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அதில் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து வந்திருக்கிறது, அம்மா. ஐந்து கேள்விகளுக்கும் நீங்கள் 'ஆம், கேட்கிறார்' என்றுதான் பதில் சொல்லியிருந்தீர்கள். உங்கள் கணவர் எல்லா விவரமும் கொடுத்திருக்கிறார். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்பதைத்தான் விட்டுவிட்டார். நேரம் கிடைக்கும்போது கேட்டுச் சொல்ல முடியுமா?