ஒரு விரல்கடை கீழே

— மெதுவா... இந்தச் சுவத்துல கையை வைங்க.

— சுவத்துலயா? எதுக்கு?

— வெச்சுத்தான் பாருங்களேன்.

— அட! வெதுவெதுன்னு இருக்கே!

— அந்தப் பக்கம் பேக்கரி அடுப்பு. குளிர்ல லிஃப்ட் ரிப்பேர் முடிச்சுட்டு வந்தா விரல் மடங்காது. இங்க ரெண்டு நிமிஷம் ஒட்டி நின்னுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

— ஒரு லிஃப்ட் மெக்கானிக் நடுத்தெருவுல சுவத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாராம்... உங்க அக்கா இதையெல்லாம் சொல்லவே இல்ல.

— அக்காவுக்கு என்னைப் பத்திப் பாதிதான் தெரியும். நல்ல பாதி.

— மீதியை நான் கண்டுபிடிச்சுக்கணுமாக்கும்.

— அதுக்குத்தானே வரச் சொன்னேன். என்னைக் கட்டிக்கிட்டா இந்த ஊரையும் சேர்த்துக் கட்டிக்கணும். பார்க்காம சரின்னு சொல்லிட்டு, அப்புறம் என் தலையெழுத்துன்னு உக்காரக் கூடாது.

— ஆறு மணி ரயில் ஏறறதுக்குள்ள பதில் சொல்லிடணுமாம். அண்ணி காலையிலேர்ந்து நாலு தடவை போன் பண்ணிட்டாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நாப்பத்தோரு வருஷம் பொறுத்தீங்க, சாயங்காலம் வரைக்கும் பொறுங்கன்னேன்.

— அப்படிப் போடுங்க! இப்படி வாங்க... இது சாவி போடற தெரு. வரிசையா எட்டுக் கடை. எட்டுப் பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

— சண்டையா?

— எதுக்குன்னு அவங்களுக்கே மறந்து போச்சு. ஆனா ஒருத்தர் சாப்பிடப் போனா பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்குவாரு. ஸ்டூலைக் கவுத்துப் போட்டா, "கொஞ்சம் பார்த்துக்கோ"ன்னு அர்த்தம். அதோ, கவுந்திருக்கு பாருங்க.

— நல்ல ஊரு போங்க! எப்பவும் இப்படித்தான் பனிமூட்டமா இருக்குமா? சாயங்காலம் மாதிரியே இல்ல. வீடெல்லாம் இப்பத்தான் தூங்கி எழுந்திருக்கற மாதிரி இருக்கு.

— ஆத்துலேர்ந்து வரும். விளக்கு போடற நேரத்துக்குக் கலைஞ்சுடும். அதுவரைக்கும் எதிர்ல யார் வந்தாலும் கிட்ட வந்தாத்தான் தெரியும்.

— பனி இல்லேன்னாலும் உங்களுக்கு அப்படித்தான் போல.

— என்னது?

— ஒண்ணுமில்ல... பதினெட்டு வருஷமா கண்ணாடிக் கடையில வேலை. யாராவது கண்ணைச் சுருக்கினா எனக்குக் கை பரபரங்கும். ஆமா, இந்த கேட்டுக்குள்ள என்ன? குளமும் மரமுமாத் தெரியுது...

— அதா... பார்க்கு. உள்ள ஏதோ வேலை நடக்குது. பூட்டி வெச்சிருக்காங்க.

— ஓ. பூட்டியிருக்கா.

— ஆமா... வாங்க, அந்த அஞ்சு மாடிக் கட்டடத்துக்குப் போலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச லிஃப்ட் அங்கதான் இருக்கு.

— பிடிச்ச லிஃப்டா! மனுஷனுக்குப் பிடிச்ச பாட்டு இருக்கும், பிடிச்ச சட்டை இருக்கும்...

— சிரிக்காம ஏறுங்க. ம்... கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க.

— யாரோ தூக்கத்துல முனகற மாதிரி இருக்கு.

— அதான்! மூணாவது மாடியில ஒரு பெருமூச்சு விடும் பாருங்க... கேட்டுச்சா?

— கேட்டுச்சு... இறங்கவே வேண்டாம். இப்படியே போய்க்கிட்டே இருக்கலாம் போல.

— அஞ்சு வந்தாச்சு. பார்...

— என்ன, கையை நீட்டிக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்க?

— ஒண்ணுமில்ல... மொட்டை மாடிக்கு இந்தப் பக்கம்.

— அய்யோ, தெருவே காணோமே! பனிக்கு மேல வெறும் கூரையா மிதக்குது!

— அந்தச் செவப்புக் கூரைதான் நம்ம... என் வீடு.

— "நம்ம"ன்னு வந்துச்சே!

— வாய் தவறிடுச்சு.

— தவறட்டும், தவறட்டும். சரி, எதிர்க் கட்டடத்துல எவ்வளவு பெரிசா போர்டு வெச்சிருக்காங்க! படிங்க பார்ப்போம்.

— நீங்க ஏற்கெனவே இங்க வந்திருக்கீங்க.

— ...போர்டுல அப்படியா போட்டிருக்கு?

— விளையாடாதீங்க. இந்த லிஃப்ட் அஞ்சாவது மாடியில ஒரு விரல்கடை கீழேயே நின்னுடும். பார்ட் வாங்கித் தரச் சொல்லி ரெண்டு மாசமாக் கத்தறேன். புதுசா வர்றவங்க ஒருத்தர் பாக்கியில்லாம தடுக்குவாங்க. நான் "பார்த்து"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க காலைத் தூக்கி வெச்சு ஜம்முன்னு இறங்கிட்டீங்க.

— பாழாப் போன காலு! வாயைக் கட்டினேன், காலைக் கட்டலையே... போன வியாழக்கிழமை. கடைக்கு லீவு போட்டுட்டு வந்தேன். நீங்க காட்டறதுக்கு முன்னாடி நானாப் பார்க்கணும்னு தோணுச்சு. ஊரை மேலேர்ந்து பார்க்கலாம்னு இங்க ஏறினேன், தடுக்கினேன், முட்டியில தோல் போச்சு. போதுமா?

— ஏன் எங்கிட்ட சொல்லல?

— நீங்க ஏன் பார்க்கு பூட்டியிருக்குன்னு சொன்னீங்க?

— அங்க குளத்தோரமா ஒரு பெஞ்சு. நானும் என் சம்சாரமும் உக்கார்ற பெஞ்சு. அவ போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு... இன்னும் வேலை முடிஞ்சதும் அங்க போய் ஓரமா உக்காந்துட்டுத்தான் வருவேன். அவ உக்கார்ற இடத்துல யாரையும் உக்கார விட மாட்டேன். உங்களைக் கூட்டிட்டுப் போனா எங்க உக்கார வைக்கறதுன்னே தெரியல. இதைச் சொன்னா ரயிலேறிப் போயிடுவீங்கன்னு பயம். இப்போ சொல்லிட்டேன்... மணி அஞ்சாச்சு. வாங்க, ஸ்டேஷன்ல விட்டுடறேன்.

— வியாழக்கிழமை அந்தப் பெஞ்சுக்கு எதிர்லயே ரெண்டு தடவை நடந்தேன். உக்கார வந்த ஒருத்தர்கிட்ட, இது என் சம்சாரம் இடம்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்துட்டு, யாரோ எவரோன்னு குனிஞ்சுக்கிட்டீங்க.

— அது... நீங்களா?

— கையில என் போட்டோ வேற வெச்சிருந்தீங்க. முதல்ல உங்களுக்கு ஒரு கண்ணாடி போடணும்.

— அய்யய்யோ... அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் இன்னிக்கு வந்தீங்களா? அண்ணிக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?

— அண்ணிக்கு வியாழக்கிழமையே சரின்னு சொல்லியாச்சு. காலையிலேர்ந்து அவங்க கூப்பிடறது, பெஞ்சைக் காட்டினாரா இல்லையான்னு கேக்கத்தான். வாங்க, இருட்டறதுக்குள்ள பார்க்குக்குப் போலாம். நான் அளந்து பார்த்துட்டேன், அதுல மூணு பேர் தாராளமா உக்காரலாம். அவங்க இடம் அவங்களுக்கே இருக்கட்டும்... நீங்க மட்டும் ஓரத்தை எனக்கு விட்டுட்டு நடுவுல வந்துடுங்க.