ஏணி வச்ச ட்ராம்

மலர்விழி: நீ படத்த அனுப்பினப்பவே கேக்கணும்னு இருந்தேன். இது என்னடி, ட்ராமுக்குப் பின்னாடி ஏணி?

நஸீமா: ஏன், இருக்கக் கூடாதா?

மலர்விழி: ட்ராமுக்கு ஏது ஏணி? மேல வாழத்தாரு ஏத்தறதுக்கா?

நஸீமா: நீதானே சொன்னே, பஸ்ஸு மாதிரி இருக்கும், தண்டவாளத்துல ஓடும்னு. பஸ்ஸுன்னா பின்னாடி ஏணி இருக்கும். அரூர் பஸ்ஸுல இல்ல?

மலர்விழி: அரூர் பஸ்ஸு ஹெல்சின்கியில ஓடுது... சரி, ஓடட்டும். இந்த ஆளு யாரு? தோள்ல பை, வாயில விசிலு?

நஸீமா: கண்டக்டரு.

மலர்விழி: அங்க கண்டக்டரே கிடையாது நஸீ.

நஸீமா: அத நீ சொல்லல. வேணும்னா உன் வாய்ஸ் நோட்ட போட்டுக் காட்டறேன். "ட்ராம்ல ஏறினேன், ஒரே கூட்டம், நின்னுகிட்டே போனேன்." அவ்வளவுதான் சொன்னே. கூட்டம்னா உள்ள போ உள்ள போன்னு தள்றதுக்கு ஒரு ஆளு வேணாமா?

மலர்விழி: அஞ்சு மாசம் அங்க இருந்தவ நான். படத்த வரைஞ்சவ நீ. இந்த நோட்டுல இருக்கற ஊர நான் எங்கயும் பாக்கல.

நஸீமா: நீ போன ஊரு எப்படியோ எனக்கென்ன தெரியும்? நான் போன ஊரு இதுதான்.

மலர்விழி: தருமபுரி பஸ் ஸ்டாண்ட தாண்டாமலேயே.

நஸீமா: மெதுவா பேசு... அம்மா இப்பத்தான் கண்ணு மூடுச்சு. நேத்து டயாலிசிஸ் முடிஞ்சு வந்ததுலருந்து ரொம்ப அசதி.

மலர்விழி: இப்பவும் செவ்வாயும் சனியுமா?

நஸீமா: செவ்வாயும் சனியும்தான். நாலு மணி நேரம். மெடிக்கல் காலேஜுல அந்த வார்டு வாசல் பெஞ்சில எம்பேர எழுதி ஒட்டிரலாம்.

மலர்விழி: அடுத்த பக்கம் திருப்பு... இது அந்தக் கடலுதானே?

நஸீமா: உறஞ்சு போன கடலு. மேல நடந்தேன்னு சொன்னியே.

மலர்விழி: நடந்தேன். ஐஸ்ல ஓட்ட போட்டு தூண்டில விட்டுக்கிட்டு வயசான ஆளுங்க உக்காந்திருந்தாங்க. ஸ்டூலு சரி. தொப்பி சரி. பக்கத்துல பரிசல் எதுக்குடி?

நஸீமா: ஐஸ் ஒடஞ்சிட்டா?

மலர்விழி: ...

நஸீமா: சிரிக்காத. ஒகேனக்கல்ல பரிசல் இல்லாம யாராச்சும் மீன் புடிக்கப் போறாங்களா? பாவம், வயசானவங்க. முழுகிட்டா அந்தக் குளுருல யாரு எறங்கித் தூக்கறது?

மலர்விழி: ஐனோ மேடம் இந்தப் பக்கத்தப் பாத்துட்டு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க.

நஸீமா: உங்க வாத்தியாரம்மாவா? வாரத்துக்கு நாலஞ்சு பக்கம் கேட்டு உசுர எடுத்தவங்க?

மலர்விழி: அவங்கதான். ஊர சுத்திப் பாக்கணும், பாத்தத வரையணும், பக்கத்துல ரெண்டு வரி எழுதணும். செமஸ்டர் முழுக்க இதே வேல.

நஸீமா: நீ போய் மூணாவது வாரமே ஐஸ்ல வழுக்கி விழுந்து கைய ஒடச்சுக்கிட்டே. "நஸீ, நீ வரைஞ்சு போன்ல படம் புடிச்சு அனுப்புடி, நான் ஏத்திக்கறேன்"னு ஒரே அழுகை.

மலர்விழி: ம்... நீயும் ஒடனே சரின்னுட்டே.

நஸீமா: ஒடனே எங்க? ரெண்டு நாளு யோசிச்சேன். பரண் மேலருந்து கலர் பெட்டிய எறக்கவே ஒரு நாளு ஆச்சு.

மலர்விழி: போட்டோ அனுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டே. வாயால சொல்லு, அது போதும்னே. அது ஏன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல.

நஸீமா: விடு.

மலர்விழி: சொல்லேன்.

நஸீமா: வயிறு எரிஞ்சிருக்கும். போதுமா? ஒரு செமஸ்டர் அங்க போய் படிக்க நம்ம காலேஜுல ரெண்டு பேரையும்தானே எடுத்தாங்க. லிஸ்ட்டுல எம்பேரு மேல, உம்பேரு கீழ. ஒண்ணா போலாம், ஒரே ரூம்ல இருக்கலாம்னு கம்பளி சட்ட கூட ஒரே கலர்ல எடுத்தோம். நவம்பர்ல அம்மாவுக்கு கிட்னி போயிருச்சு, நான் காலேஜயே விட்டு நின்னுட்டேன். போன்ல உன் ரூம் ஜன்னல நீ காட்டினா, இன்னொரு கட்டிலு காலியா இருக்கறதும் தெரியுமில்ல. அதான் வேணாம்னேன். வீடியோவுல பேசறப்பக் கூட செவுத்துப் பக்கமா உக்காருன்னேன்.

மலர்விழி: அந்தக் கட்டில்ல வேற பொண்ணு வந்திருச்சு. கொரட்ட விடும்.

நஸீமா: சொன்னே. அதையும் வரைஞ்சு வச்சிருக்கேன், உனக்கு அனுப்பல. நாப்பதாம் பக்கம்.

மலர்விழி: இது நானா, தலவாணிய காதுல அமுக்கிக்கிட்டு? மூக்கு ஏன் இவ்ளோ பெருசு?

நஸீமா: இருக்கறததான் வரைய முடியும்.

மலர்விழி: அடி வாங்குவே... இந்த சந்தைய எங்க உக்காந்து வரைஞ்சே? அழகா இருக்குடி.

நஸீமா: எல்லாமே அந்த பெஞ்சிலதான். காதுல உன் கொரலு, மடியில நோட்டு. முடிச்சதும் உள்ள போய் அம்மா கிட்ட காட்டுவேன். அதுக்கு ஊசி குத்தின கைய ஆட்டக் கூடாது, நான் பக்கத்தத் திருப்பிக் காட்டணும். "இன்னிக்கு எந்தத் தெருவுக்குடி போறோம்"னுதான் வார்டுக்குள்ள நொழையறப்பவே கேக்கும்.

மலர்விழி: அம்மாவா?

நஸீமா: பக்கத்து பெட்டு அக்காவும் கேக்கும். அந்தப் பழத்த ஏன் கூறு போட்டு வச்சிருக்காங்க, எட போட மாட்டாங்களான்னு கேட்டுச்சு. அந்த ஊரு வழக்கம்னு சொல்லிட்டேன்.

மலர்விழி: ப்ளூபெர்ரிய கோணிச் சாக்குல கூறு போட்டு விக்கற ஊரு ஒலகத்துலயே இது ஒண்ணுதான்... நஸீ.

நஸீமா: என்ன?

மலர்விழி: நாளைக்கு திங்கக்கெழம.

நஸீமா: தெரியும்.

மலர்விழி: ரீஅட்மிஷனுக்கு நாளைக்குக் கடைசி நாளு.

நஸீமா: அதுவும் தெரியும். வேற பேசு.

மலர்விழி: ஃபாரம் கொண்டாந்திருக்கேன். எல்லாத்தையும் நானே எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் நீ போட்டாப் போதும். காலைல ஏழு மணி சேலம் பஸ்ஸுக்குப் போயிரலாம்.

நஸீமா: இதுக்குத்தான் நோட்டப் பாக்கணும் நோட்டப் பாக்கணும்னு வந்தியா?

மலர்விழி: ரெண்டுக்கும்தான்.

நஸீமா: அம்மாவ செவ்வாக்கெழம யாரு கூட்டிட்டுப் போறது?

மலர்விழி: முதசிர் அண்ணன்.

நஸீமா: அவனுக்குக் கடை இருக்கு.

மலர்விழி: அண்ணன் கிட்ட பேசிட்டேன். செவ்வாக்கெழம மட்டும் காலைல அண்ணி கடையத் தொறப்பாங்களாம். சனிக்கெழம காலேஜு இல்ல, நீயே போயிக்கலாம்.

நஸீமா: எங்க அண்ணன் கிட்ட நீ எதுக்குப் பேசறே? யாரு உன்னப் பேசச் சொன்னது?

ஜான் பீ: நான்தான் போன்ல சொன்னேன்.

நஸீமா: அம்மா... தூங்கல?

ஜான் பீ: இவ்ளோ சத்தத்துல எங்க தூங்கறது. மலரு, எப்ப வந்தே கண்ணு? எளச்சுப் போயிட்டே.

மலர்விழி: நீங்க எப்படி இருக்கீங்கம்மா?

ஜான் பீ: இருக்கேன். இவளத்தான் பாக்க முடியல. எத்தன நாளைக்கு எம் பக்கத்துலயே உக்காந்திருப்பா? எனக்கு ஒடம்புதான் சரியில்ல, இவளுக்கென்ன கேடு?

நஸீமா: நீ போய் படும்மா.

ஜான் பீ: படுக்கறேன். சாப்புட்டுட்டுத்தான் போகணும் மலரு, சொல்லிட்டேன்.

மலர்விழி: சரிங்கம்மா... கேட்டியா? அம்மாவ இனிமே சாக்கு சொல்லாத. வேற என்ன?

நஸீமா: வேற ஒண்ணுமில்ல.

மலர்விழி: நஸீ.

நஸீமா: எனக்கு வரையறதே விட்டுப் போச்சுடி. நவம்பர்லயே விட்டுப் போச்சு. பெட்டிய பரண் மேல போட்டப்பவே முடிஞ்சுது. இப்பப் போய் ஜூனியருங்க கூட உக்காந்து மொதல்லருந்தா? எனக்கு வராது.

மலர்விழி: வராதா? எம்பது பக்கம் வரைஞ்சு வச்சுட்டு வராதுங்கறே.

நஸீமா: அது உனக்காக வரைஞ்சது. உன் கை ஒடஞ்சுது, வரைஞ்சு குடுத்தேன். பக்கத்து வூட்டுல ஒடம்பு முடியலன்னா கொழம்பு வச்சுக் குடுக்கறதில்லையா? அதுக்காக ஓட்டலா தொறக்க முடியும்? கை ஒடையாம இருந்திருந்தா அந்தப் பெட்டிய நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

மலர்விழி: நெசமா?

நஸீமா: நெசமா. அது சரி, உனக்கு எவ்ளோ மார்க்கு வந்துச்சு, அதச் சொல்லவேயில்லையே. நூத்துக்கு எத்தன?

மலர்விழி: அந்தப் பேப்பர் போச்சு.

நஸீமா: என்னது?

மலர்விழி: கடைசி வாரம் எல்லாரோட நோட்டையும் பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டினாங்க. ஏணி வச்ச ட்ராம் முன்னாடி ஒரே கூட்டம். நாப்பது வருசமா இந்த ஊர்ல இருக்கேன், இப்படி ஒரு ஹெல்சின்கிய நான் பாத்ததே இல்லன்னாங்க ஐனோ மேடம். எல்லாரும் எனக்குக் கை தட்டறாங்க நஸீ. கீழ எம்பேரு. எனக்கு அங்க நிக்க முடியல. மேடத்த தனியா கூப்புட்டு, வரைஞ்சது நான் இல்ல, எங்க ஊர்ல நஸீமான்னு ஒருத்தின்னு சொல்லிட்டேன்.

நஸீமா: பைத்தியமாடி உனக்கு?

மலர்விழி: மார்க்க எடுத்துட்டாங்க. எடுக்கத்தானே வேணும், தப்பு எம்மேலதானே. ஆனா எம்பேர அடிச்சுட்டு அவங்களே பேனாவுல உம்பேர எழுதினாங்க. ஸ்பெல்லிங் கேட்டுக் கேட்டு எழுதினாங்க. அந்தப் பேப்பருக்குப் பதிலா நான் இங்க இன்னொண்ணு எழுதணும். அவ்வளவுதான்.

நஸீமா: அவ்வளவுதானா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் என்ன பேரா கேட்டேன்?

மலர்விழி: நீ கேக்க மாட்டே. அதான்.

நஸீமா: இரு... எனக்கு ஒண்ணு புரியல.

மலர்விழி: என்ன?

நஸீமா: கை ஒடஞ்சவ வரைய முடியலன்னு சொன்னா அவங்களே விட்டிருப்பாங்களே. நாள் தள்ளிக் குடுத்திருப்பாங்க, இல்ல வேற வேல குடுத்திருப்பாங்க. ஒரு டாக்டர் சீட்டு. அதக் காட்டியிருந்தா இந்தத் திருட்டு வேலையே வேண்டியதில்ல. ஏன் காட்டல?

மலர்விழி: சீட்டு இல்ல.

நஸீமா: ஆசுபத்திரிக்குப் போனேன், மாவுக்கட்டு போட்டாங்கன்னே. சீட்டு குடுக்காமயா விட்டாங்க?

மலர்விழி: போகல.

நஸீமா: அப்புறம் அந்தக் கட்டு?

மலர்விழி: வெள்ள சாக்ஸு. வெரல் பக்கத்த வெட்டிட்டு, உன் வீடியோ கால் வந்தா கையில மாட்டிக்குவேன். கை ஒடையவே இல்ல நஸீ. வழுக்கி விழுந்தது நெசம். இடுப்புலதான் அடி, ரெண்டு நாள்ல சரியாயிருச்சு. திட்டிக்கோ. போன் பண்ணினா நீ "ம்"முன்னே, "சரி"ன்னே, அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. வரையறியான்னு கேட்டா பேச்ச மாத்தினே. எனக்கு அங்க ஒண்ணும் ஓடல. எனக்கு ஒதவின்னா நீ செய்வே, உனக்காகன்னா செய்ய மாட்டே. வேற வழி தோணல. பொய் சொல்லிட்டேன். எம்பது பக்கமும் பொய்க்கு வரைய வச்சுட்டேன்... ஏதாச்சும் பேசுடி. இப்படி உக்காந்திருக்காத.

நஸீமா: பிப்ரவரியிலயே தெரியும்.

மலர்விழி: என்ன தெரியும்?

நஸீமா: ஒரு திங்கக்கெழம வீடியோவுல கூப்புட்டே. கட்டு எடது கைக்கு மாறியிருந்துச்சு. என்னடி இதுன்னு கேக்க வாயத் தொறந்துட்டேன்... கேட்டா நீ ஒத்துக்குவே, நிறுத்திருவே. மறுநாள் அம்மாவுக்கு டயாலிசிஸ்ஸு. அந்த நாலு மணி நேரம் நான் எங்க போறது? அதான் வாய மூடிக்கிட்டேன். உனக்காக ஒரு பக்கம் கூட வரையல மலரு. எனக்கு வேணும்னுதான் வரைஞ்சேன்... இப்பவும் வேணும். அந்த ஃபாரத்த இப்படிக் குடு.