அந்தம்மா பேருக்கு ஓர் அர்ச்சனை

இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். முடி கொட்டிய தலையைத் தாய் சால்வையால் மூடியிருந்தார். மடியில் கோயிலுக்கான தேங்காயும் பூவும்.

“நீ லேப்புல பெப்டைட்டுன்னு ஒரு மருந்து செய்யிறியே, அத எனக்கு ஊசியா போட்டா என்ன?”

“அது மனுசருக்கு இல்லம்மா. தட்டுல வளக்கிற கேன்சர் செல்லுல போட்டுப் பாக்கத்தான். மருந்தாகுமான்னே இன்னும் தெரியாது.”

“யாரோட செல்லு?”

“யாரோ ஒரு அம்மாவோடது. அவங்க செத்து ரொம்ப வருசம். செல்லு மட்டும் இன்னும் உசுரோட வளருது.”

தாய் மடியிலிருந்த தேங்காயையும் பூவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு அர்ச்சனைய அந்தம்மா பேருக்குப் பண்ணுவோம்.”

“ஒங்களுக்குன்னுதானே போறோம். அவங்க பேரு, நட்சத்திரம் ஒண்ணுமே தெரியாதே. செத்தவங்களுக்கு ஐயர் அர்ச்சனை பண்ணவும் மாட்டாரு.”

“பேரு தெரியாட்டி சாமி பேருக்குப் பண்ணச் சொல்லலாம். உசுரோட இருக்குன்னு நீதானே சொன்ன.”